நந்தவனத்தில் நஞ்சும் அமுதும்

பெருமாள் கோயில்களில் பிரம்மோத்ஸவம் நிறைவுறும் தறுவாயில் நடைபெறும் புஷ்ப யாகத்தைச் சேவித்த அன்பர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். கூடை கூடையாக மலர்கள் வந்து குவிய, உபய நாச்சிமார்களுடன் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானின் திருமேனி அம்மலர்களுக்கிடையே பாதி மறைந்தும் பாதி தோன்றியும் காட்சி தரும். மலர்த் தொண்டுக்கு வைணவத்தில் உள்ள ஏற்றம் தனிப்பெரும் ஏற்றமாகும். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து, வடபெருங்கோயிலுடையானுக்குத் திருமாலை கட்டிச் சமர்ப்பித்தார் பெரியாழ்வார். அந்நந்தவனத்துத் துளசிச் செடிகளின் இடையே ஆண்டாள் திருவவதாரம் செய்தாள். திருவரங்கத்தில் பூக்குடலையைச் சுமந்து தொண்டு புரிந்தார் தொண்டரடிப்பொடியாழ்வார். உடையவரின் நியமனத்தைத் தலைமேற்கொண்டு திருமலை ஏறி நந்தவனம் கண்டார் அனந்தாழ்வான். திருமலைக்குப் ‘புஷ்ப மண்டபம்’ என்றே ஒரு திருநாமம் உண்டு.

எம்பெருமானுக்கு மணமும் வண்ணமும் சமர்ப்பிக்கும் இச்செடிகள், அவன் அடியார்களின் பிணி நீக்கும் பொருள்களையும் தம்முள் கொண்டுள்ளன. நந்தவனத்தை ஒரு மருந்துச்சாலை என்றே வேதியியல் அறிஞர் கூறுவர். ஆயின் அதே நந்தவனத்தில் உயிர் போக்கும் நஞ்சும் இருக்கின்றது என்பதை மறத்தலாகாது. பாற்கடலைக் கடைந்தபோது முதலில் ஆலகாலம் எழுந்தது. பின்னரே தன்வந்திரி பகவான் அமுத கலசம் ஏந்தித் தோன்றினார். இரண்டும் ஒரே கடலிற் பிறந்தவை. அவ்வாறே, ஒரே குடும்பத்துச் செடிகளிலும், சில வேளைகளில் ஒரே செடியின் ஒரே இலையிலும், நஞ்சும் அமுதும் அருகருகே உறைகின்றன. அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

திருமுக்கூடல் காட்டும் வழி

காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய இரு நகரங்களுக்கும் இடையே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அமைந்தது திருமுக்கூடல். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை அரசாண்ட வீரராசேந்திர சோழனின் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து வேதம் பயிலும் கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவச்சாலையும் நடைபெற்றதை அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது.

அம்மருத்துவச்சாலையில் யார் யார் பணியாற்றினர் என்பது கருதத்தக்கது. நோயறிந்து மருந்து தரும் வைத்தியர் ஒருவர். அறுவை செய்வோர் ஒருவர். மூலிகை கொணர்வோர் இருவர். நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர். ஓராண்டுத் தேவைக்கென இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. மூலிகை பறிப்பதும் மருந்தின் அளவை வரையறுப்பதும் இருவேறு பணிகள் என்பதை நம் முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர். பெருமாள் சன்னிதியின் நிழலிலேயே வாழ்ந்தவர்களுக்கும் வைத்தியர் தேவை என்று அவர்கள் கருதினர். பக்திக்கு அதனால் குறைவு நேருமென்று எவரும் எண்ணவில்லை.

செடிக்கு வேதியியல் எதற்கு?

விலங்குகள் பகை வரக் கண்டால் ஓடித் தப்பும். வேரூன்றி நிற்கும் செடிக்கு அவ்வழி இல்லை. புழுவும் பூச்சியும் தின்ன வந்தாலும், பூஞ்சணம் படர்ந்தாலும், ஆடும் மாடும் மேய்ந்தாலும் நின்ற இடத்திலேயே அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். அதற்கென இறைவன் அதற்கு அளித்த படைக்கலங்களே கசப்பும் காரமும் மணமும் நஞ்சும் ஆகும். இவற்றுள் எளிதில் ஆவியாகும் நறுமண எண்ணெய்கள் ஒரு வகை. நைட்ரஜன் அணு அமைந்த, பெரும்பாலும் கசப்பான ஆல்கலாய்டுகள் மற்றொரு வகை. சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்து நிற்கும் கிளைகோசைடுகள் வேறொரு வகை. பூச்சியின் நரம்பையோ விலங்கின் இதயத்தையோ தாக்குவதற்கென அமைந்த இப்பொருள்கள் மனித உடலிலும் செயற்படுகின்றன. மிகச் சிறிய அளவில் நோயைத் தாக்கும். அளவு மீறின் நோயாளியையே தாக்கும். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள எல்லை பெரும்பாலும் அளவினால் ஆனது.

திருத்துழாய்

வைணவர் திருத்துழாய் என்று போற்றும் துளசி, புதினாவும் கற்பூரவல்லியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. அதன் இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. இலையைக் கசக்கும்போது அவை உடைந்து மணம் வெளிப்படுகின்றது. அம்மணத்துக்குப் பெரிதும் காரணமானது யூஜினால் என்னும் பொருளாகும். கிராம்பு எண்ணெயின் முதன்மையான கூறும் இதுவே. பல் மருத்துவர் துத்தநாக ஆக்ஸைடுடன் யூஜினாலைக் குழைத்துப் பற்குழியில் தற்காலிகமாக அடைப்பதுண்டு. வலியைத் தணித்துக் கிருமிகளையும் அடக்கும் ஆற்றல் அதற்கு இருத்தலே காரணம். துளசியில் ரோஸ்மரினிக் அமிலம், உர்சாலிக் அமிலம் முதலியனவும் உள்ளன. கிருஷ்ண துளசியின் கருஞ்செம்மை நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் விளைவது.

ஆய்வுக்கூடத்தில் துளசி எண்ணெய் பலவகைக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. இதனைக் கேட்டவுடன், துளசி எல்லா நோய்க்கும் மருந்தென்று முடிவுகட்டுவோர் உளர். அது பிழை. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமி அடங்குதல் ஒன்று. மனித உடலில் நோய் தீருதல் வேறொன்று. சளி, தொண்டைக் கரகரப்பு போன்ற சிறு தொல்லைகளுக்குத் துளசிக் கஷாயம் இதம் தரலாம். நிமோனியாவுக்கும் நீரிழிவுக்கும் அதனையே நம்பி மருத்துவரிடம் செல்லாதிருத்தல் ஆபத்தாகும். துளசியின் செறிந்த சாற்றினை மாத்திரைகளாக உட்கொள்வோர், குறிப்பாக இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் கருவுற்ற மகளிரும், முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

சன்னிதியில் அருளப்படும் தீர்த்தத்தில் துளசியும் ஏலமும் பச்சைக் கற்பூரமும் சிறிதளவு சேர்க்கப்படுகின்றன. தீர்த்தம் பிரசாதமாகும், அதனை மருந்தளவாகக் கணக்கிடுதல் பொருந்தாது. இல்லங்களில் தீர்த்தம் சேர்ப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆரத்திக்கு ஏற்றும் கற்பூரம் உண்ணத்தக்கதன்று. உண்ணத்தக்கதெனப்படும் பச்சைக் கற்பூரமும் அளவு மீறினால், சிறப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, வலிப்பை உண்டாக்கும். தளிகையில் கடுகளவு சேர்க்கும் மரபு சுவைக்காக மட்டும் ஏற்பட்டதன்று என்று கொள்ளலாம்.

ஆடு தொடாத இலை

திருமுக்கூடல் கல்வெட்டின் மருந்துப் பட்டியலில் ‘வாசா ஹரீதகி’ என்பது ஒன்று. வாசா என்பது ஆடாதோடை. ஹரீதகி என்பது கடுக்காய். வேலியோரங்களில் வெண்ணிறப் பூக்களுடன் நிற்கும் ஆடாதோடையை ஆடும் தொடாது என்பதால் அப்பெயர் ஏற்பட்டதென்பர். நம் நாட்டு வழக்கிலுள்ள அச்சொல்லே அதன் தாவரவியல் பெயரிலும் நிலைத்துவிட்டது. ஆட்டை விலக்கும் அக்கசப்புக்குக் காரணமான பொருள்களுள் தலையாயது வாசிசின் என்னும் ஆல்கலாய்டு. 1888ஆம் ஆண்டிலேயே ஹூப்பர் என்ற வேதியியலார் இதனைப் பிரித்தெடுத்தார்.

வாசிசினின் அமைப்பைப் பின்பற்றி வேதியியலார் 1960களில் புரோம்ஹெக்சின் என்னும் மருந்தை ஆக்கி வழக்கிற்குக் கொண்டுவந்தனர். அது உடலுள் மாறுவதால் உண்டாகும் ஆம்புரக்சால் என்பதும் பின்னர்த் தனி மருந்தாயிற்று. கெட்டிப்பட்ட சளியை இளக்கி வெளியேற்றும் இவ்விரண்டும் இன்று மருந்துக் கடைகளில் விற்கப்படும் பல இருமல் மருந்துகளில் அடங்கியுள்ளன. ஏறத்தாழத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருமாள் கோயிலின் மருத்துவச்சாலையில் சேமித்து வைக்கப்பட்ட மூலிகைக்கும், இன்றைய இருமல் மருந்துப் புட்டிக்கும் இடையே இத்தகைய நேர்த் தொடர்பு இருத்தல் வியப்புக்குரியது.

ஆடாதோடையும் எச்சரிக்கைக்கு உட்பட்டதே. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் இயல்புடையது. ஆதலின் கருவுற்ற மகளிர் அக்கஷாயத்தை அறவே தவிர்த்தல் வேண்டும்.

நித்தியகல்யாணி

திருவிடந்தையில் எழுந்தருளியுள்ள பெருமாளுக்கு நித்தியகல்யாணப் பெருமாள் என்பது திருநாமம். அத்திருநாமத்தை நினைவூட்டும் பெயருடைய மலர் நித்தியகல்யாணி. ஆண்டு முழுதும் ஓயாது பூப்பதால் அப்பெயர் பெற்றது. இதே பூவுக்குச் சுடுகாட்டு மல்லி என்றும் ஒரு பெயர் வழங்குகின்றது. மங்கலமும் அமங்கலமுமாகிய இரு பெயர்களையும் ஒருங்கே தாங்கும் இச்செடியின் வரலாறு அவ்விரு பெயர்களுக்கும் பொருந்துவதாகவே அமைந்துள்ளது. இது மடகாஸ்கர் தீவில் தோன்றிய செடி. ஆழ்வார்கள் காலத்து நந்தவனங்களில் இதற்கு இடமில்லை. பிற்காலத்தில் கடல் கடந்து வந்து நம் மண்ணில் இயல்பாக வேரூன்றிவிட்டது. இதன் தாவரவியல் பெயரின் முற்பகுதிக்குக் கிரேக்க மொழியில் ‘தூய மலர்’ என்பது பொருள்.

1952ஆம் ஆண்டு கனடா நாட்டில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காத் தீவிலிருந்து அஞ்சலில் சில இலைகள் வந்தன. அத்தீவில் நீரிழிவுக்கென மக்கள் கஷாயமிட்டுக் குடிக்கும் இலைகள் என்று அறிந்து, ஆய்வாளராகிய தம் சகோதரர் இராபர்ட் நோபிளிடம் அவற்றை அவர் சேர்ப்பித்தார். இராபர்ட் நோபிள் அக்கஷாயத்தை எலிகளுக்குப் புகட்டினார். இரத்தச் சர்க்கரையில் மாற்றம் ஏதும் இல்லை. பின்னர்ச் சாற்றினை ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் நோய்த்தொற்றுக் கண்டு மாண்டன. அவற்றின் இரத்தத்தை ஆராய்ந்தபோது வெள்ளணுக்கள் பெருமளவு குறைந்திருந்தன.

மற்றொருவராயின் அந்த இலைகளைக் குப்பையில் எறிந்திருப்பர். நோபிள் வேறு வகையாகச் சிந்தித்தார். வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய் இரத்தப் புற்றுநோய். வெள்ளணுக்களைக் குறைக்கும் நஞ்சு அந்நோய்க்கு ஏன் மருந்தாகலாகாது? 1954இல் சார்லஸ் பீர் என்ற வேதியியலார் அவருடன் சேர்ந்தார். நாலாண்டு உழைப்பின் பயனாக 1958இல் வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டு தூய நிலையில் கிடைத்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தில் கார்டன் சுவோபோடா முதலியோரும் இச்செடியைத் தனியே ஆராய்ந்து வந்தனர். அவர்களது முயற்சியால் வின்கிரிஸ்டின் என்னும் மற்றோர் ஆல்கலாய்டும் கிடைத்தது. 1963இல் அது அமெரிக்க அரசின் அனுமதி பெற்று மருத்துவத்திற்கு வந்தது.

இவை செயற்படும் விதம் நுட்பமானது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, டியூபியூலின் என்ற புரதத்தால் ஆன நுண்ணிய இழைகள் உள்ளே உருவாகி, மரபுப் பொருளை இரு பக்கமும் சமமாக இழுத்துப் பகிர்கின்றன. நித்தியகல்யாணியின் இவ்விரு ஆல்கலாய்டுகளும் அப்புரதத்தைப் பற்றிக்கொண்டு இழைகள் உருவாகாதபடி தடுக்கின்றன. பிரிய முற்பட்ட அணு பிரிய இயலாமல் நின்று அழிகின்றது. புற்றணுக்கள் ஓயாது பிரிபவையாதலின் அவையே பெரிதும் தாக்குண்கின்றன.

1960க்கு முன்னர், குழந்தைகளுக்கு வரும் கடிய இரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய மரணத் தீர்ப்பாகவே இருந்தது. வின்கிரிஸ்டினையும் வேறு பல மருந்துகளையும் முறைப்படி சேர்த்து அளிக்கும் சிகிச்சை வளர்ந்தபின் நிலைமை மாறியது. இன்று முழு வசதியுள்ள நாடுகளில் அந்நோயுற்ற குழந்தைகளுள் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் வின்கிரிஸ்டின் இடம் பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மானாவாரிப் பயிராக நித்தியகல்யாணி விளைகின்றது. இலையும் வேரும் உலர்த்தப்பட்டு மருந்துத் தொழிலுக்குச் செல்கின்றன. ஒரு கிராம் மருந்து பெற நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பதை நோக்கின், செடி அதனை எவ்வளவு நுண்ணிய அளவில் வைத்திருக்கின்றது என்பது விளங்கும். வின்பிளாஸ்டினுக்கு மூலமான இரு பொருள்களை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டே ஆக்கும் முறையை 2022இல் ஆய்வாளர் வெளியிட்டுள்ளனர்.

இவ்வரலாற்றைக் கேட்டு நித்தியகல்யாணி இலையை வீட்டில் மென்று தின்பது பெருந்தவறாகும். இலையிலும் வேரிலும் உள்ள ஆல்கலாய்டுகள் நூற்றுக்கும் மேற்பட்டவை. எந்த இலையில் எது எவ்வளவு உள்ளதென்று கண்ணால் அறிய இயலாது. தூய்மைப்படுத்தி, உடலின் அளவுக்கேற்பக் கணக்கிட்டு, நரம்பின் உணர்ச்சியையும் இரத்த அணுக்களையும் இடையறாது கண்காணித்தே மருத்துவர் வின்கிரிஸ்டினைச் செலுத்துகின்றனர். அதுவும் இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்துதல் வேண்டும். முதுகுத்தண்டில் தவறிச் செலுத்தினால் உயிர் போகும். சர்க்கரை நோய்க்கென இப்பூவை நாள்தோறும் உண்போர், ஜமைக்கா இலைகள் நோபிளின் எலிகளுக்கு என்ன செய்தன என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

அரளி

நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் சர்ப்பகந்தியும் அரளியும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்பது பலர் அறியாதது. சர்ப்பகந்தி வேரின் இரத்த அழுத்தம் தணிக்கும் ஆற்றலைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் எழுதிய கட்டுரை உலகறியச் செய்தது. அக்குடும்பத்தில் மிகக் கொடியவற்றுள் ஒன்று அரளி. அதன் இலை, பூ, தண்டு, வேர் ஆகிய அனைத்திலும் ஒலியாண்டிரின் முதலான கிளைகோசைடுகள் உள்ளன. அவை இதயத் தசையின் உப்புச் சமநிலையைக் குலைத்து, துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்திவிடும். மஞ்சள் அரளியின் விதையும் இத்தகையதே. இதே இனத்தைச் சேர்ந்த பொருள்கள் டிஜிடாலிஸ் என்ற ஐரோப்பியச் செடியிலும் உள்ளன. அச்செடியை இதய நோய்க்கு அளவறிந்து அளிக்கும் முறையை வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் 1785இல் நூலாக வெளியிட்டார். அவ்வழி வந்த டிகாக்சின் இன்றும் மருத்துவர் கையில் மருந்தாக உள்ளது. அரளிக்கு அத்தகைய மருந்து நிலை ஏற்படவில்லை.

2024 மே மாதத்தில், மலைநாட்டுத் திவ்ய தேசங்கள் சிலவற்றையும் நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்த்தல் கூடாதென முடிவு செய்தது. அதனிடத்தில் துளசி, வெட்சி முதலியவற்றைக் கொள்ளலாயினர். ஆகமத்துக்கும் அடியார் நலத்துக்கும் மாறுபாடின்றிக் கோயில் நிர்வாகம் செயற்படக்கூடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

அன்பர்கள் பின்பற்றத்தக்கவை சில உள. அரளி கலந்த மாலையைப் பிரசாதமாகப் பெற்றால் குழந்தைகள் வாயில் வைக்காதபடி காத்தல் வேண்டும். அரளி கலந்த நிர்மால்யத்தைப் பசுக்களுக்கு இடுதல் கூடாது. சிறிதளவு இலையே மாட்டின் உயிரைப் போக்கவல்லது. அரளி பறித்த கையை நன்கு கழுவிய பின்னரே உணவைத் தொடுதல் வேண்டும். அரளியை யாரேனும் உட்கொண்டதாக ஐயமெழுந்தால், கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

தொண்டும் அறிவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாட்டு வழக்கு. அளவறிந்து ஆண்டால் நஞ்சும் அமிர்தமாகும் என்பதை நித்தியகல்யாணி மெய்ப்பித்திருக்கின்றது. செடி ஒன்றே. அறியாதவன் கையில் அது சுடுகாட்டு மல்லி. ஆண்டாண்டாக ஆராய்ந்தவர் கையில் அது நித்தியகல்யாணி.

திருக்கோயில் நந்தவனங்களில் ஒவ்வொரு செடியின் அருகிலும் அதன் பெயரையும், மருந்துக் குணத்தையும், நச்சுத்தன்மை உண்டாயின் அதனையும் எழுதிய பலகை ஒன்று நாட்டுதல் சிறந்த கைங்கரியமாகும். அதற்கு ஆகும் செலவு சிறிது. விளையும் நன்மை பெரிது.

திருவரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி பகவானுக்குத் தனிச் சன்னிதி உண்டு. நோயுற்ற குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு அத்தகைய சன்னிதிகளின் முன் கண்ணீருடன் நிற்கும் தாய் தந்தையரைத் திருவிழாக் கூட்டங்களில் காணலாம். அவர்கள் அங்கிருந்து மருத்துவமனைக்குச் செல்லும் வழி, எம்பெருமானை விட்டு விலகிச் செல்லும் வழியாகாது. நந்தவனத்துப் பூவில் மருந்தை வைத்தவனும் அவனே. அதனைத் தேடிக் காணும் அறிவை மருத்துவருக்கு அருளியவனும் அவனே. திருமுக்கூடலில் கோயிலையும் மருத்துவச்சாலையையும் ஒரே மதிலுக்குள் வைத்துப் பேணிய பெரியோர் உணர்ந்திருந்த உண்மையும் இதுவேயாம்.